தாலாட்டுக்குக் கண் திறந்த படம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, ஆவி இந்தச் சமாச்சாரத்தில் எல்லாம் எனக்குத் துளி நம்பிக்கை கிடையாது. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் பார்க்கும் தொழிலுக்கு அது ஒத்தும் வராது. திருக்கோகர்ணத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் சின்னதாக டிசைனிங் கடை வைத்திருக்கிறேன். போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஆயில் பெயிண்டிங் மாதிரி வரைந்து, கேன்வாஸ் துணியில் பிரிண்ட் போட்டுக் கொடுப்பதுதான் முக்கியமான வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் செத்துப்போனவர்களின் போட்டோவோடுதான் படியேறுவார்கள். எத்தனை வழுக்கைத் தலையில் முடி வைத்திருக்கிறேன், எத்தனை பேருக்கு வாழ்நாளில் போடாத பட்டுச் சட்டையை மாட்டிவிட்டிருக்கிறேன்! ஆவி என்று ஒன்று இருந்தால் முதலில் என் கடைக்கு வந்து "என் மூக்கு இப்படியா இருந்தது" என்று சண்டைக்கு நின்றிருக்கும். ஒருத்தரும் வந்ததில்லை. அதனால் நான் சொல்லி முடித்த பிறகு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், முடிக்கும்வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது ஏதோ பட்டனைத் தட்டினால் வந்துவிடும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்துக்கொண்டு ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இதுலயே ஆப் இருக்கே, ஒங்களுக்கு எதுக்கு ரெண்டு நாளு?" என்று கேட்கிறவர்கள் தினமும் வருகிறார்கள். வாயில் வருவதை அடக்கிக்கொள்வேன். ஆப் போட்ட படத்தில் மூஞ்சி மெழுகு பூசிய மாதிரி இருக்கும். நான் முகத்தைப் பெரிதாக்கி, டிஜிட்டல் பேனாவால் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழைத்து, முடியை ஒவ்வொன்றாக இழுத்து, துணி மடிப்பை எல்லாம் முடித்துவிட்டு, கடைசியில்தான் கண்ணுக்கு வருவேன். கண்ணில் வெளிச்சப் புள்ளி விழுந்ததும் படம் நம்மைப் பார்க்கும். அதற்கு மேல் ஒரு கோடு கூடப் போட மாட்டேன், அது என் பழக்கம்.

கடை வாசலில் மாதிரிக்கு ஒரே ஒரு படம் மாட்டியிருந்தேன். என் மகள் நிவேதா, எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது எடுத்த போட்டோ. நிவிக்குக் கண் கொஞ்சம் பெரிது. வருகிற எல்லாரும் அந்தப் படத்தின் முன்னால் நின்று "யாரு புள்ளைங்க இது, கண்ணாலேயே பேசுது" என்பார்கள். வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். அதனால் நிவி பள்ளிக்கூடம் விட்டால் நேரே கடைக்குத்தான் வருவாள். அப்போது ஒன்றாம் வகுப்பு. பிரிண்டருக்குப் பின்னால் பாய் விரித்து ஒரு குட்டித் தூக்கம் போடுவாள்.

அக்டோபர் மாதம் முழுக்க ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ ஆட்கள் வருவார்கள். நவம்பர் ஆரம்பத்தில் அவர்களுக்குக் கல்லறைத் திருநாள். கல்லறையைச் சுத்தம் செய்து, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியார் வந்து மந்திரிப்பார். அதற்குள் படம் வேண்டும் என்று பறப்பார்கள். அப்படித்தான் ஒரு நாள் மதியத்துக்கு முன்னால் அமலியும் அவள் புருஷன் சேவியரும் வந்தார்கள். அமலிக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். சேவியர் வேன் ஓட்டுகிற பையன். ஃபோனை நீட்டினார்கள். வெள்ளைத் துணி சுற்றிய பச்சைக் குழந்தை, கண் மூடியிருந்தது. தூங்குகிறது என்று நினைத்து, "அடடே, என்ன பாப்பா பேரு?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டுவிட்டேன். பிறகுதான் மூக்கில் இருந்த பஞ்சைப் பார்த்தேன்.

"ஆக்னஸ்னு பேரு வச்சுருக்குக்கா," என்றாள் அமலி. "ஆஸ்பத்திரிலயே நர்ஸம்மா தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துட்டாங்க. ரெண்டு நாளு கண்ணாடிப் பொட்டிக்குள்ளயே இருந்தா. கண்ணத் தெறக்கவே இல்ல. எம்புள்ள கண்ணு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுக்கா. தெறந்த மாதிரி வரைஞ்சு குடுங்க."

எனக்கு என்னவோ செய்தது. இந்த மாதிரி வேலை வந்தால் எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. அப்பா அம்மாவின் போட்டோவிலிருந்து கண்ணை வெட்டி எடுத்து ஒட்டி, அதன் மேல் வரைவோம். ஆனால் பெரியவர்கள் கண் கைக்குழந்தை முகத்தில் உட்காராது. "நீங்க சின்னப் புள்ளையா இருக்கப்ப எடுத்த போட்டோ இருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். சொல்லிக்கொண்டே திரும்பியவள், வாசலில் இருந்த நிவி படத்தைப் பார்த்தாள். கிட்டப் போய் நின்றாள்.

"அக்கா, இந்தக் கண்ணையே வச்சுருங்க."

சேவியர்தான் முதலில் பதறினான். "ஏய், வேணாம் அமலி. உசுரோட இருக்க புள்ள கண்ணு அது. எறந்த புள்ளைக்கு எப்படி வைக்கிறது?"

நான் சிரித்தேன். "படந்தானே தம்பி, எம்புள்ள கண்ணையா நோண்டி எடுக்கப்போறேன்?" என்றேன். அந்த வாய்க்கு நானே நாலு அறை கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றே உட்கார்ந்தேன். நிவியின் பழைய போட்டோவைத் திறந்து இரண்டு கண்ணையும் வெட்டி எடுத்து, சிறிதாக்கி, ஆக்னஸின் இமைக்குத் தகுந்தபடி வளைத்து வைத்தேன். பஞ்சை எடுத்தேன். நீலம் பாய்ந்திருந்த உதட்டுக்கு ரோஸ் கொடுத்தேன். சாதாரணமாகக் கண்ணோடு மல்லுக்கட்டுவேன், ஒன்று பெரிதாக இருக்கும், ஒன்று சொருகும். இது வைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துகொண்டது, அதற்கென்றே அளவெடுத்த மாதிரி. வெளிச்சப் புள்ளி வைத்தபோது நிவி பிரிண்டருக்குப் பின்னால் நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

பிரிண்ட் போட்டு, கீழே பேக்கரிக்குப் பக்கத்து ஃபிரேம் கடை காதர் பாயிடம் கொடுத்தேன். மறுநாள் காலையில் பாய் மாடியேறி வந்து, "ஏம்மா, கண்ணு மூடியிருக்க பிரிண்டையா குடுத்த? தெறந்ததுன்னுல்ல சொன்ன?" என்றார். கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினேன், கண் திறந்துதான் இருந்தது. "ஒங்களுக்குக் கண்ணாடி பவர் ஏறிருச்சு பாய்" என்று கிண்டல் செய்து அனுப்பினேன். சாயங்காலம் படத்தை வாங்கப் போனபோது நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார், குழந்தை கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மாடியில் நிவியைத் தூங்கவிட்டு இறங்கி வந்திருந்தேன் என்பது அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

படம் ஆவூர் போய்ச் சேர்ந்தது. அமலி ஃபோன் செய்தாள். அப்படி ஒரு சந்தோஷக் குரலை நான் கேட்டதில்லை.

"அக்கா, எம்புள்ள கண்ணத் தெறந்து பாக்குறாக்கா! கொண்டுவந்தப்ப மூடித்தான் இருந்துச்சு. தாலாட்டுப் பாடினேன், தெறந்துட்டா. எல்லாப் புள்ளையும் தாலாட்டுப் பாடினா கண்ண மூடும், எம்புள்ள தெறக்குதுக்கா!"

பாவம், பெற்ற வயிறு, புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். "சந்தோஷமா இரு அமலி" என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு என்ன சொல்ல முடியும்?

இங்கே நிவி தூங்க ஆரம்பித்தாள். முதலில் மதியத் தூக்கம் நீண்டது. பிறகு சாப்பிட உட்கார்ந்தால் கையில் சோற்றோடு தலை சாயும். வகுப்பில் பெஞ்சில் படுத்துவிடுகிறாள் என்று மிஸ் கூப்பிட்டுச் சொன்னார். டாக்டரிடம் கொண்டுபோனேன். ரத்தம் கொஞ்சம் கம்மி, மற்றபடி ஒன்றுமில்லை என்று டானிக் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரர் கத்தாரிலிருந்து "செல்போனக் குடுக்காத, ராத்திரி முழிச்சுப் பாக்குறா போல" என்று எனக்குப் பாடம் எடுத்தார். செல்போன் பார்த்தாலாவது பரவாயில்லை, பிள்ளை முழித்திருந்தால் போதும் என்ற நிலைமைக்கு நான் வந்திருந்தேன். எழுப்பினால் எழுந்திருப்பதில்லை. உலுக்கினால் கை துவண்டு விழுந்தது. இமையைத் தூக்கிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது, ஏன் என்று கேட்காதீர்கள், தெரியாது.

ஒரு நாள் காலை பள்ளிக்கூடத்தில் பிரேயர் முடிவதற்குள் மயங்கிவிட்டாள் என்று கூப்பிட்டார்கள். தூக்கிக்கொண்டு வந்து கடையில் படுக்கப்போட்டேன். அப்போது அமலி ஃபோன் வந்தது. எடுக்கவே பிடிக்கவில்லை. எடுத்தேன்.

"அக்கா, முன்னாடி மத்தியானத்துலயும் ராத்திரியிலயுந்தான் தெறப்பா. இன்னைக்குக் காலையிலேயே தெறந்துட்டா! நான் பாடுறத நிறுத்தவே இல்லக்கா. வேல வெட்டி எல்லாத்தையும் அவுகளே பாத்துக்குறாக, நான் புள்ள முன்னாடியே ஒக்காந்துருக்கேன்."

நான் நிவியைப் பார்த்தேன். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலை எடுத்து, இருந்த தண்ணீர் முழுவதையும் நிவி முகத்தில் அடித்தேன். "நிவி! எந்திரிடி! எந்திரி!" என்று கத்தினேன். நிவி மூச்சை இழுத்துக்கொண்டு கண்ணைத் திறந்தாள். ஃபோனில் அமலி அலறினாள்.

"அய்யோ, மூடிட்டா! மூடிட்டாளே!"

அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு, நிவியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்காரவைத்து, ரோட்டில் போகிற லாரி, ஆடு, மாடு ஒன்று விடாமல் காட்டிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனேன். பாதி வழியில் "அம்மா, யாரோ பாட்டுப் பாடுறாங்க" என்றாள். பஸ்ஸில் பாட்டே ஓடவில்லை. சொன்னதோடு தோளில் சாய்ந்துவிட்டாள்.

ஆவூரில் இறங்கி, கோயிலைத் தாண்டி விசாரித்து, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனபோது உள்ளே அமலியின் பாட்டுக் கேட்டது. சேவியர் என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க, அவ சாப்பிட்டே நாளாச்சு" என்றான். அவனை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். மாதா படத்துக்குப் பக்கத்தில் நான் வரைந்த படம் மாட்டியிருந்தது. சீரியல் பல்பு வெளிச்சத்தில் ஆக்னஸ் கண்ணை அகலத் திறந்து அமலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வரைந்த கண் இப்படிப் பார்க்காது. இது நிவி என்னைப் பார்க்கிற பார்வை.

"பாட்ட நிறுத்து அமலி!"

என் சத்தத்தில் அமலி திடுக்கிட்டு நிறுத்தினாள். தோளில் நிவி அசைந்தாள், தலையை நிமிர்த்தினாள். நான் நிவியைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேன்வாஸில் அந்த இமை இரண்டும் மெதுவாக இறங்கி மூடிக்கொண்டன. சேவியர் சுவரில் சாய்ந்து சிலுவை போட்டுக்கொண்டான். அமலி படத்தைப் பார்த்தாள், திரும்பி நிவியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அமலி நிவியின் முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தாள். "இதானா எம்புள்ள கண்ணு" என்றாள். ஒரு மாதிரி சிரித்தாள். அப்புறம், நிவியின் கண்ணையே பார்த்தபடி, வாய்க்குள்ளேயே மறுபடியும் பாட ஆரம்பித்தாள். என் தோளில் நிவியின் தலை கனத்து விழுந்தது. நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சேவியர்தான் பாய்ந்து வந்து அமலியின் வாயைப் பொத்தினான். "வேணாம் அமலி, அதுவும் ஒரு தாயி பெத்த புள்ள, விட்ரு, விட்ரு" என்று அழுதான். அவள் அவன் கைக்குள் திமிறினாள், பிறகு திமிறுவதை நிறுத்தினாள்.

நிவி மறுபடி கண் விழித்தபோது அமலி அவளுடைய இரண்டு இமையிலும் முத்தம் கொடுத்தாள். ஸ்டூல் போட்டு ஏறி, படத்தைத் தானே கழற்றி மார்போடு கவிழ்த்துக்கொண்டாள்.

"கண்ணு மூடுன மாதிரியே ஒண்ணு வரைஞ்சு குடுத்துருங்கக்கா. அதான் எம்புள்ள," என்றாள்.

"சரி. இத எரிச்சிரு அமலி. இன்னைக்கே எரிச்சிரு," என்றேன். தலையாட்டினாள். நானே வாங்கிக்கொண்டு வந்து எரித்திருக்க வேண்டும். ஆனால் அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற கோலத்தில் பிடுங்க மனசு வரவில்லை.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன், வாசலில் இருந்த நிவி படத்தைக் கழற்றினேன். கண் மூடிய படம் ஒன்றை வரைந்து வைத்தேன். நிவி சரியாகிவிட்டாள், நம்பவே முடியாது, மறுநாளே பழைய வாலுத்தனம் எல்லாம் வந்துவிட்டது. கல்லறைத் திருநாள் முடிந்த பிறகுதான் சேவியர் புதுப் படத்தை வாங்க வந்தான். "பழசை எரிச்சாச்சுல்ல?" என்று கேட்டேன்.

அவன் தரையைப் பார்த்தான். "புள்ள மொகம் இருக்கதத் தீயில எப்படிக்கா போடுறது? எங்க வழக்கமும் இல்ல. கல்லறைத் திருநாளுக்கு மொத நாளு, புள்ளயப் பொதச்ச எடத்துலயே தோண்டி, அவளுக்குப் பக்கத்துலயே வச்சு மூடிட்டோம். மேல சிமெண்டும் பூசியாச்சு."

எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. மண்ணுக்குள் போனால் போனதுதானே என்று நினைத்தேன். ஒரு மாதம் போயிருக்கும். காலையில் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது நிவி சொன்னாள்.

"அம்மா, முன்னாடி தூங்குனா ஒரு அக்கா மூஞ்சி கிட்டக்கத் தெரியும், பாடிக்கிட்டே இருக்கும். இப்ப அந்த அக்கா வரவே இல்ல."

"இப்ப என்ன தெரியுது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒரே இருட்டும்மா. மண்ணு வாசமா இருக்கு. பக்கத்துல ஒரு பாப்பா படுத்திருக்கு. நான் கூப்புட்டுக்கிட்டே இருக்கேன், கண்ணத் தெறக்கவே மாட்டேங்குது."

ஆக்னஸைப் பற்றி நான் நிவியிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. படத்தை எங்கே வைத்தார்கள் என்பது அவள் காதில் விழ வழியே இல்லை.

காரணம் சொல்ல என்னாலும் முடியும். அமலிக்கு மனசு சரியில்லை, நிவிக்கு ரத்தம் கம்மி, பாய்க்குக் கண்ணாடி பவர், எனக்குத் தூக்கம் கெட்டிருந்தது, பிள்ளை எதையோ ஒட்டுக்கேட்டிருக்கும். வருஷக்கணக்காக இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருக்கிறேன். நிவி இப்போது ஐந்தாம் வகுப்பு, நன்றாகப் படிக்கிறாள், நன்றாகத் தூங்குகிறாள். அந்தக் கனவு மட்டும் போகவில்லை. அவளுக்கு அது பழகிவிட்டது, பல் தேய்த்துக்கொண்டே சொல்வாள். அமலிக்கு இரண்டாவதாக ஒரு பையன் பிறந்து ஓடி விளையாடுகிறான். இப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்க்கிறேன். அவளிடம் போய், உன் பிள்ளையின் கல்லறையைத் தோண்டிக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் கேட்டுவிடலாம் என்று கிளம்புகிறேன். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

இந்த வருஷம் கேட்டுத்தான் ஆக வேண்டும். போன வாரம் நிவி எழுந்ததும் எழாததுமாக அடுப்படிக்கு வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கனவைச் சொல்லி அவள் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அம்மா, அந்தப் பாப்பா இன்னும் கண்ணத் தெறக்கல. ஆனா எம்பக்கமாத் திரும்பிப் படுத்திருக்கு."